அலியார் கடைக்கு வந்த பிள்ளைத்தாச்சி

உள்ள வாம்மா. செருப்ப அங்கனயே போடு, யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாக. இவுக முடிவெட்டப் போயிருக்காக. நீ வீடியோ எடுக்க வாரேன்னு சொன்னதுலருந்து மனுசனுக்கு இருப்புக் கொள்ளல. நேத்து வேட்டிக்கு நீலம் போடச் சொன்னாக. சட்டைய ரெண்டு தடவ தேய்க்கச் சொன்னாக. இன்னைக்கிக் காலையில கண்ணாடியப் பாத்துட்டு, காதோரம் முடி நீண்டு கிடக்குன்னு கிளம்பிட்டாக. ஞாயித்துக்கிழமை, கடையில கூட்டமா இருக்கும். வர ஒரு மணி நேரம் ஆகும். உக்காரு. காப்பி போட்டுத் தாரேன்.

எதுக்கும்மா மைக்க என்கிட்ட நீட்டுற. ராத்திரிக் கடையப் பத்திப் பேசணும்னா இவுகதான் பேசணும். ஒண்ணரை வருசமா அந்த மாசப் பத்திரிகையில எழுதுறாகல்ல. எந்தக் கடையில சால்னாவுக்குக் கசகசா அரைச்சாக, எந்தக் கடையில தேங்காய் மட்டும், பருத்திப்பால் வண்டி எந்த முக்குல நிக்கும், எல்லாம் மனப்பாடம். காலையில பிரசர் மாத்திரை போட்டோமான்னு கேட்டா தெரியாது. அத நான்தான் சொல்லணும்.

நீ எதப் படிச்சுட்டு வந்த?

அதுவா. அலியார் கடைக்கு வந்த பிள்ளைத்தாச்சி. ஆமா, எல்லாரும் அதத்தான் சொல்றாக. கோயம்புத்தூர்லருந்து ஒருத்தி போன் பண்ணி அழுதா. அந்தக் காலத்துல மனுசங்ககிட்ட எம்புட்டு ஈரம் இருந்துச்சு சார்னு சொல்லிச் சொல்லி அழுதா. இவுகளும் துண்ட எடுத்துக் கண்ணத் தொடச்சுக்கிட்டாக. நான் இந்தா, இந்த நிலைப்படியிலதான் நின்னுக்கிட்டு இருந்தேன்.

அந்தப் பொம்பளை யாரு, இருக்காளா செத்தாளான்னு இவுககிட்டக் கேக்கப் போறியா? நல்ல கேள்விதான். இருக்கா. ஒனக்குக் காப்பி போட்டுக் குடுத்துருக்கா. ஆறுறதுக்குள்ள குடி.

நான்தாம்மா அது. என்ன அப்படிப் பாக்குற. மைக்க அணைச்சாலும் சரி, அணைக்காட்டாலும் சரி. எனக்கு எழுபத்தோரு வயசு ஆச்சு. இனிமே என்னைய யாரு என்ன செய்யப் போறாக.

எனக்கு அருப்புக்கோட்டை. எழுபத்திரண்டு ஆவணியில இந்த விருதுநகருக்கு வாக்கப்பட்டு வந்தேன். இவுக லாரி புக்கிங் ஆபீஸ்ல கிளார்க்கு. மிளகா வத்தல் மூடை, பருப்பு மூடை எல்லாம் ஏத்தி லாரி கிளம்ப ராத்திரி ஒம்பதரை, பத்து ஆகும். அதுக்குப் பிறகு வீட்டுக்கு வரணும்ல. வர மாட்டாக. கூட்டாளிக நாலு பேரு. பஜாருக்குப் பின்னால அலியார் ராவுத்தர் வண்டிக்கடை. எண்ணெய்ப் பரோட்டா. எங்க ஊருப் பரோட்டா எப்படின்னு நீ தின்னு பாத்துருப்ப. கல்லுக்கு நடுவுல குளம் மாதிரி எண்ணெய் கிடக்கும், அதுல முக்கிப் பொரிச்சு எடுக்குறது. அதப் பிச்சுப் போட்டு மேல சால்னாவ ஊத்தி ஊறவிட்டு... இவுக எழுதிருக்காகளே, அதே மாதிரிதான். அதுல ஒரு தப்பும் இல்ல.

எங்க மாமியா ஒரு சட்டம் வச்சிருந்தாக. புருசன் சாப்பிட்ட பிறகுதான் பொண்டாட்டி சாப்பிடணும். எங்க மாமியா ஒண்ணும் புதுசாக் கண்டுபிடிக்கல, அப்ப எல்லா வீட்லயும் உள்ளதுதான். ஆனா மத்த வீட்ல எட்டு மணிக்குப் புருசன் வந்துருவான். எங்க வீட்ல மாமியா எட்டரைக்குச் சாப்பிட்டுப் படுத்துருவாக. நான் சோத்துச் சட்டியையும் குழம்புச் சட்டியையும் மூடி வச்சுட்டு அடுப்படியில உக்காந்துருப்பேன். பதினோரு மணிக்கு இவுக வருவாக. உக்காருவாக. மூணு வாய். எண்ணி மூணு வாய். 'பசியில்ல புஷ்பம், ஆபீஸ்ல ஒரே அலுப்பு' ன்னு கையக் கழுவிருவாக. என் பேரு தங்கபுஷ்பம். இவுக வாயத் தொறந்தா சால்னா வாசம்.

அந்த மூணு வாய் எதுக்குத் தெரியுமா? அம்மாவுக்காக. மகன் வெளிய திங்குறான்னு தெரிஞ்சா அம்மா சங்கடப்படுவாகளாம். அம்மா சங்கடப்படக் கூடாது. நான் அந்நேரம் வரைக்கும் பட்டினியா உக்காந்துருந்தது யாருக்கும் ஒரு சங்கடமும் இல்ல.

ஒருக்காக் கேட்டேன். 'தின்னுட்டுத்தான் வருவீங்கன்னா சொல்லிருங்களேன், நான் முன்னாடியே ஒரு வாய் சாப்பிட்டுக்கிறேன்' ன்னேன். 'அம்மா என்ன நினைப்பாக' ன்னாக. அதோட சரி.

நல்லவுகதாம்மா. அதையும் சொல்லணும். அடிச்சது கிடையாது. குடிச்சது கிடையாது. ஊருல யாரைக் கேட்டாலும் தவசிலிங்கம் அண்ணாச்சி தங்கமான மனுசன்னுதான் சொல்லுவாக. நானும் அதத்தான் சொல்லுவேன், கேட்டா. படுத்ததும் அன்னைக்கித் தின்னதச் சொல்லுவாக. அலியார் அண்ணன் மாவ விசிறுறது, சுக்காவுல மிளகு தட்டிப் போடுறது, கரண்டி கல்லுல படுற சத்தம். அப்படியே கண்ணுல காட்டிருவாக. இன்னைக்கிப் பத்திரிகையில வாரது எல்லாம் அன்னைக்கி என் காதுல சொன்னதுதான். நான் ஆறுன சோத்தத் தின்னுட்டுப் படுத்துக் கேட்டுக்கிட்டு இருப்பேன். ஒண்ணரை வருசம் கேட்டேன்.

கேட்டுக் கேட்டு, மசக்கை வந்தப்ப எனக்கு அந்த ஆசைதான் வந்துச்சு. மத்தவளுக மாங்காய், புளி, சாம்பல்னு அலைவாளுக. எனக்கு அந்தப் பரோட்டா. அஞ்சு மாசம் வாயத் தொறக்கல. ஏழாம் மாசம் பொறுக்க முடியாம ஒரு நாள் கேட்டேன். 'ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்களேன்.'

'பொட்டலத்துல கட்டுனா நமுத்துப் போகும் புஷ்பம். அது கல்லுக்கிட்ட உக்காந்து சுடச்சுடத் திங்குற சாமான்.'

'அப்ப என்னையக் கூட்டிட்டுப் போங்க.'

சிரிச்சாக. நான் வெளையாட்டுக்குக் கேக்குறேன்னு நினைச்சுட்டாக. 'பொம்பளைக வார எடமா அது?' ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் படுத்துட்டாக.

அப்ப பக்கத்து வீட்ல செல்லக்கனின்னு ஒருத்தி இருந்தா. வீட்ல உக்காந்து தீப்பெட்டி ஒட்டுவா. தெருவுல நாலஞ்சு குமரிப் பிள்ளைகளும் அவ வீட்ல வந்து ஒட்டும். புருசன் பம்பாய்க்குப் போறேன்னு போனவன், நாலு வருசமா ஒரு கடுதாசி கிடையாது. எனக்கு அவதான் பேச்சுத் துணை. நான் மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதுலருந்து, மாமியா படுத்த பிறகு கொல்லைச் சுவத்து மேல ஒரு கிண்ணம் வைப்பா. ரெண்டு இட்லி இருக்கும், இல்ல புளிச்சோறு இருக்கும். வச்சுட்டுச் சுவத்த ரெண்டு தட்டுத் தட்டுவா. பேசாமப் போயிருவா. மாமியா முழிச்சுரக் கூடாதுல்ல.

எழுபத்தி நாலு பங்குனிப் பொங்கல். எமர்ஜென்சி வந்துச்சே, அதுக்கு முந்தின வருசம். மாரியம்மன் கோயில்ல ஊரே திரண்டு கிடக்கு. வருசத்துல அந்த ரெண்டு மூணு நாளுதான் பொம்பளைக ராத்திரியில வெளிய போகலாம், கேள்வி கிடையாது. மாமியாவுக்குக் கால் வீக்கம். 'செல்லக்கனியக் கூட்டிட்டுப் போயி சாமி கும்புட்டுட்டு ஒம்பது மணிக்குள்ள வந்துரு' ன்னாக.

சாமி கும்புட்டோம். தெப்பக்குளத்தச் சுத்தி வந்தோம். பஜார் பக்கம் திரும்புனா அந்த வாசம் வருது. செல்லக்கனிதான் வா போவோம்னு... இல்ல. பொய் சொல்லக் கூடாது. நான்தான் கேட்டேன். அவ, 'வேண்டாம் புள்ள, யாராச்சும் பாத்தா என் தலைதான் உருளும்' ன்னா. நான் கையப் புடிச்சு இழுத்தேன். 'இவுக பத்து மணிக்குத்தான் வருவாக, அதுக்குள்ள தின்னுட்டுப் போயிரலாம்' ன்னேன். திருவிழாவுக்கு லாரி ஓடாது, ஆபீஸை ஏழு மணிக்கே பூட்டியிருப்பாகன்னு எனக்கு யோசனை போகல.

அலியார் ராவுத்தர் வயசானவரு. என்னையப் பாத்தாரு, வயித்தப் பாத்தாரு. ஒரு வார்த்தை கேக்கல. வண்டிக்குப் பின்னால ஒரு ஸ்டூலத் தூக்கிப் போட்டு, பெட்ரோமாக்ஸ் வெளிச்சம் மூஞ்சியில அடிக்காம ஒரு சாக்க இழுத்துக் கட்டிவிட்டு, 'உக்காரு தாயி' ன்னாரு. செல்லக்கனி வரல. எதுத்தாப்புல முக்குல நின்னு ஆள் வருதான்னு பாத்துக்கிட்டு இருந்தா.

மொதல் வாய் வச்சேன். என்னன்னு சொல்ல. இவுக ஒண்ணரை வருசமா ராத்திரி ராத்திரி சொன்னது பாதிதான். மீதிய இவுகளே வச்சுக்கிட்டாக. அப்படித்தான் எனக்குத் தோணுச்சு. ரெண்டாவது வாய் எடுக்கும்போது பேச்சுச் சத்தம் கேட்டுச்சு. நாலு பேரு. நடுவுல இவுக.

சாக்கு ஒரு பக்கத்தத்தான் மறைச்சுச்சு. பெஞ்சுக்கும் ஸ்டூலுக்கும் இந்தா, எனக்கும் ஒனக்கும் உள்ள தூரம்தான். கூட்டாளிகளுக்கு என்னையத் தெரியாது. கல்யாணத்துல பாத்துருப்பாக, அன்னைக்கி நான் தலை நிமிரல. அதுக்குப் பிறகு இவுக யாரையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததில்ல. மரகதவேலுன்னு ஒரு ஆளு, வத்தல் கமிஷன் கடை வச்சிருந்தாரு, அவருதான் மொதல்ல பாத்தாரு.

'யாருண்ணே இது, பிள்ளத்தாச்சி தனியா உக்காந்து தின்னுக்கிட்டு இருக்கு?'

'சாமி கும்புட வந்த பிள்ளை. பசிக்குன்னுச்சு, சாப்பிடட்டும்' ன்னாரு அலியார்.

'கூட ஆம்பளை இல்லையா? எந்த வீட்டுப் பொண்ணு இப்படித் தெருவுல உக்காந்து திங்கும்? ஏய் தவசி, ஒனக்குத் தெரிஞ்ச மொகமா இருக்கா பாரு.'

இவுக பாத்தாக. நல்லாப் பாத்தாக. நானும் பாத்தேன். கையில பரோட்டாவ வச்சுக்கிட்டு அப்படியே பாத்துக்கிட்டு இருந்தேன். திட்டுவாகன்னு நினைச்சேன். எந்திரி வீட்டுக்குன்னு சொல்லுவாகன்னு நினைச்சேன். அடிச்சிருந்தாக்கூட அது ஒண்ணும் பெருசு இல்லம்மா.

'தெரியலையே' ன்னாக. 'நம்ம தெருப் பக்கம் இல்ல.'

தெருவ யாரு கேட்டா? தெருவ யாருமே கேக்கல.

சொல்லிட்டு உக்காந்தாக. 'அண்ணே, நாலு எண்ணெய், ஒரு சுக்கா' ன்னாக. குரல்ல ஒரு நடுக்கம் கிடையாது. அப்ப அந்த மரகதவேலு, 'அந்தம்மாவுக்கு இன்னும் ரெண்டு வைங்கண்ணே, வயித்துல இருக்குறவனுக்கும் சேத்துத் திங்கணும்ல' ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. இவுகளும் சிரிச்சாக. சிரிச்சுக்கிட்டே இலையில தண்ணி தெளிச்சாக.

அலியார் என் இலையப் பாத்தாரு. இவுகளப் பாத்தாரு. அவருக்கு என்னமோ விளங்கிருச்சு. அவரு மட்டும்தான் சிரிக்கல. 'சாப்பிடு தாயி, ஆறிப் போனா நல்லாருக்காது' ன்னு மெதுவாச் சொன்னாரு. நான் எந்திரிச்சுட்டேன். இலையில பாதிக்கு மேல அப்படியே கிடந்துச்சு. கையைக்கூடக் கழுவல. முந்தானையில தொடச்சுக்கிட்டு வந்துட்டேன்.

பத்திரிகையில என்ன வந்துருக்கு, நீயே படிச்சிருக்க. 'நாங்கள் எழுந்து அந்தத் தாய்க்கு இடம் கொடுத்தோம். இன்னும் ரெண்டு வையுங்கள் அலியார் அண்ணே என்று நான்தான் சொன்னேன். வயிறார உண்டு, எங்களை வாழ்த்திவிட்டு இருளில் நடந்து சென்றாள்.' வாழ்த்துனேனாம்.

அன்னைக்கி ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாக. எப்பயும் போல உக்காந்தாக. நானும் எப்பயும் போலப் போட்டேன். மூணு வாய். நான் இவுக வாயவே பாத்துக்கிட்டு இருக்கேன். இப்பச் சொல்லுவாக, இப்பச் சொல்லுவாகன்னு. 'பசியில்ல புஷ்பம்' ன்னு கையக் கழுவிட்டாக. போய்ப் படுத்துட்டாக. தின்ன கதைய அன்னைக்கிச் சொல்லல. அதுக்குப் பிறகு ஒரு நாளும் சொல்லல. நான் ஆறுன சோத்தப் போட்டுத் தின்னேன். தின்னுதான ஆகணும், வயித்துல பிள்ளை இருக்கே.

நாலாம் நாளு குழாயடியில பேச்சுக் கிளம்பிருச்சு. செல்லக்கனி பஜார் முக்குல நின்னத யாரோ பாத்துருக்காக. கூட ஒரு பிள்ளத்தாச்சின்னு வேற சொல்லிருக்காக. எங்க மாமியாவுக்கு அதுக்கு மேல விளக்கம் வேணுமா. வந்து நடுவீட்ல நின்னு கேட்டாக. 'யாருடி ஒன்னைய அங்க கூட்டிட்டுப் போனது?'

இவுக அந்தா, அந்த ஜன்னல்ல கண்ணாடிய வச்சுச் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாக. கண்ணாடிக்குள்ள என்னையப் பாத்தாக. கத்தி நிக்கல.

நான் சொன்னேன், 'செல்லக்கனிதான் அத்தை கூட்டிட்டுப் போனா. நான் வர மாட்டேன்னுதான் சொன்னேன். எனக்கு அவகூட அவ்வளவாப் பழக்கமே இல்ல' ன்னு.

வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு. வயித்துல ஏழு மாசம். அருப்புக்கோட்டைக்கு அனுப்பி வச்சுட்டாகன்னா எங்க அய்யா தூக்குப் போட்டுக்குவாரு. சொல்ல வேண்டிய மனுசன் கண்ணாடியப் பாத்துக்கிட்டு இருக்காரு. நான் என்ன செய்ய?

மாமியா தெருவுல இறங்கிட்டாக. அவ வாசல்ல நின்னு, புருசன் இல்லாதவ, ஊர் மேயுறவ, குடும்பத்துப் பிள்ளையக் கெடுக்குறவன்னு ஒரு மணி நேரம். தெருவே வேடிக்கை பாத்துச்சு. செல்லக்கனி கதவத் தொறக்கல. மறுநாள்லருந்து தீப்பெட்டி ஒட்ட ஒரு பிள்ளையும் அவ வீட்டுக்குப் போகல. ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி கொல்லைச் சுவத்த ரெண்டு தட்டுத் தட்டுனா. 'புஷ்பம், நீயா அப்படிச் சொன்ன?' ன்னு கேட்டா. நான் அடுப்படியிலதான் இருந்தேன். சத்தம் காட்டல. மாமியா முழிச்சுட்டா என்ன ஆகும்? கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. அந்த மாசமே வீட்டக் காலி பண்ணிட்டுச் சிவகாசிப் பக்கம் போயிட்டான்னாக. அவளுக்கென்ன, தனிக்கட்டை, பிள்ளையா குட்டியா. எங்க போனாலும் பொழைச்சுக்குவா. நான் அப்படியா?

இருபது வருசம் கழிச்சுச் சிவகாசியில ஒரு கல்யாணத்துல பாத்தேன். பந்தியில எனக்கு நேர் எதிர. நான் சந்தோசமாச் சிரிச்சேன். அவ என்னையப் பாத்துட்டு, இலைய எடுத்துக்கிட்டு வேற வரிசைக்குப் போயிட்டா. யாரோ எவரோன்னு இருக்குற மாதிரி. இருபது வருசத்துக்குப் பிறகும் அப்படி என்னம்மா வன்மம் ஒரு மனுசிக்கு? சின்ன வயசுல நடந்தது. நான் வேணும்னா செஞ்சேன்? அன்னைக்கி எனக்குச் சோறே இறங்கல. சில பேரு மனசு அப்படி, மன்னிக்கவே தெரியாது.

சரி, அவ கதை எதுக்கு. இவுக கதைய விட்டுட்டேன் பாரு.

இந்த அம்பது வருசத்துல நாங்க ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதே இல்ல. மகன் பொறந்தான். மகன் பொறந்த வருசம் எங்க மாமியா தவறிட்டாக. மாமியா போன பிறகு நான் எட்டு மணிக்கே சாப்பிட்டுப் படுத்துருவேன், இவுக ஒண்ணும் கேக்கல. அலியார் ராவுத்தர் போயி, அவரு மகன் கொஞ்ச நாள் நடத்தி, அந்த எடத்துல இப்ப செல்போன் கடை இருக்கு. நான் அந்தப் பக்கம் போனா எதுத்த வரிசையிலதான் நடப்பேன். மகன் ஒரு தடவ பரோட்டா வாங்கிட்டு வந்து, 'ஏம்மா நீ மட்டும் தொட மாட்டேங்குற' ன்னு கேட்டான். 'எண்ணெய் சேராது' ன்னேன். இவுக தலைய நிமிராமத் தின்னுக்கிட்டு இருந்தாக. நான் நினைச்சுக்கிட்டேன், மனசுல வச்சுக் குமையிறாகன்னு. ஆம்பளை, வாய்விட்டுச் சொல்லத் தெரியல, உள்ளுக்குள்ள அரிச்சுக்கிட்டு இருக்கும்னு. அப்படி நினைச்சுத்தான் நான் இத்தனை வருசம் ஓட்டுனேன். அது ஒரு ஆறுதல்தான்.

போன மாசி மாசம். நான் இங்கன உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தேன். எழுதுனத எனக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான் பத்திரிகைக்கு அனுப்புவாக, அது ஒரு பழக்கம். வாசிச்சாக. பங்குனிப் பொங்கல்னாக. அலியார் கடைன்னாக. ஒரு பிள்ளைத்தாச்சி வந்தான்னாக. என் கை நின்னு போச்சு. இப்படி ஒரு வழியக் கண்டுபிடிச்சிருக்காகளே, நேருல கேக்க முடியாத மன்னிப்ப எழுத்துல வச்சுக் கேக்குறாகளேன்னு நினைச்சேன். இடம் விட்டோம்னு பொய் சொன்னாகளா, சரி, வெக்கத்துல மாத்திருக்காகன்னு நினைச்சேன். வாழ்த்திட்டுப் போனான்னாகளா, அதையும் பொறுத்துக்கிட்டேன். வாசிச்சு முடிச்சு நிமிந்து என்னையப் பாப்பாகல்ல, அப்பத் தெரியும்னு காத்துக்கிட்டு இருந்தேன்.

நிமிந்தாக. 'எப்படி இருக்கு?' ன்னாக.

'நல்லாருக்கு' ன்னேன். 'ஒரே ஒரு தப்புதான். நிறைமாசம்னு எழுதிருக்கீங்க. ஏழு மாசம்.'

மூக்குக் கண்ணாடிய இறக்கிட்டு என்னையப் பாத்தாக. 'ஒனக்கு எப்படித் தெரியும்?'

அம்பது வருசமா இந்த மூஞ்சியப் பாக்குறவ நான். பொய் சொன்னா எனக்குத் தெரியும், மறைச்சா தெரியும். அதுல ஒண்ணுமே இல்லம்மா. பச்சப்புள்ள கேக்குற மாதிரி கேட்டாக. அன்னைக்கித் தெரியலையேன்னு சொன்னது அப்படியே நெசமாகிப் போச்சு. நான்தான் கிறுக்கி, இருந்து இருந்து அதக் காவல் காத்துருக்கேன்.

'அப்ப ஊருல பேசிக்கிட்டாக' ன்னேன்.

'அப்படியா. எனக்கு ஞாபகமில்ல பாரு' ன்னு பேனாவ எடுத்தாக. நிறைமாசத்த அடிச்சுட்டு மேல ஏழு மாசம்னு எழுதுனாக. எழுதிட்டு, 'நல்ல வேளை சொன்ன புஷ்பம். அந்தம்மா எங்கயாச்சும் உயிரோட இருந்து படிச்சா வருத்தப்பட்டுருப்பாகல்ல' ன்னாக.